பட்டறைப் பக்கம்: பாதியில் நின்ற கார்

கேள்வி: ஐயா, என் வீடு சேலம் கன்னங்குறிச்சியில். 2010-ல் ஒரு கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கார், வாங்கினேன். சதுரக் குழாயில் பற்றவைத்த சேஸ் (அடிச்சட்டம்), ஃபைபர் பாடி, இரண்டு சாக்கு நிறைய போல்ட் நட்டு என்று லாரியில் வந்து இறங்கியது. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் எல்லாம் ஒரு பழைய பிரீமியர் பத்மினி (பியட்) காரிலிருந்து எடுத்து மாட்டினேன். முக்கால்வாசி முடிந்த நேரத்தில், 2013-ல் ஷார்ஜாவில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். இப்போதுதான் ஊரோடு வந்துவிட்டேன். பழைய இரும்புக்காரர் இரண்டு முறை வந்து விலை கேட்டும் அம்மா கொடுக்காமல், தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார். பிரேக், ஸ்டீயரிங் வேலையை அப்போதே முடித்துவிட்டேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்து, வயரிங்கையும் முடித்தால் போதும் என்று நினைக்கிறேன். எதில் தொடங்கலாம்? பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஏற்காடு போகவேண்டும் என்று ஆசை.

பதில்: தம்பி, முதலில் உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பன்னிரண்டு வருடம் ஒரு வண்டியைக் காப்பாற்றிக் கொடுப்பது சாதாரண வேலை இல்லை.

உங்கள் கடிதத்தை நான் இரண்டு தடவை படித்தேன். "பிரேக், ஸ்டீயரிங் வேலையை அப்போதே முடித்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் நீங்கள் தொடங்கவேண்டும். ஏன் என்பதற்கு என் கதையைச் சொல்கிறேன்.

1991-ல் நானும் இப்படித்தான் மஸ்கட் போனேன். ஏற்காடு பக்கம் நாகலூரில் அண்ணன் வீட்டுக் கொட்டகையில் ஒரு வண்டியை விட்டுவிட்டுப் போனேன். கிட் வாங்க அன்றைக்கு எனக்கு வழி இல்லை. ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து, குழாய் வெட்டி நானே பற்றவைத்த சேஸ் அது. இன்ஜின் உங்களுடையது போலவே, 1089 சிசி நாலு சிலிண்டர் பியட். ஒன்பது வருடம் கழித்துத் திரும்பி வந்து, பத்தே நாளில் இன்ஜினை ஓடவிட்டேன். எஸ்டேட் ரோட்டில் இரண்டு நாள் ஓட்டவும் செய்தேன். மூன்றாம் நாள் ஹாரன் வயர் ஒன்றைக் கட்டுவதற்காக முன்பக்கம் அடியில் படுத்தேன். வயரைத் தேடிய கை இடது பக்க டை ராட் எண்டில், அதாவது ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனையில் பட்டது. நட்டு விரலுக்கே சுற்றியது. ஸ்பேனர் இல்லை, வெறும் விரல். கோட்டைச் சுவர் மாதிரி தலையில் வெட்டு வெட்டாக இருக்குமே, அந்த கேசில் நட். அது கழலாமல் தடுக்கக் குறுக்கே போடும் ஸ்பிளிட் பின் அதில் இல்லை. இரண்டு மரை ஏற்கெனவே கழன்று வந்திருந்தது. இன்னும் நாலைந்து மரை போயிருந்தால் அந்தச் சக்கரம் என் ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்பட்டிருக்காது.

அப்படியே படுத்துக்கொண்டு யோசித்தேன். நினைவுக்கு வந்துவிட்டது. 1991-ல் அந்த நட்டைப் பூட்டிய அன்று காலை, அந்த அளவில் பின் கையில் இல்லை. அப்புறம் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று நட்டைக் கையால் ஏற்றி வைத்துவிட்டுச் சேலத்துக்கு பஸ் ஏறினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தந்தி காத்திருந்தது. மஸ்கட் வேலைக்காக உடனே பம்பாய்க்குக் கிளம்பச் சொல்லி. நாலணா பின் ஒன்றுதான் பாக்கி என்பதால், என் மனசு ஸ்டீயரிங்கை 'முடிந்தது' என்று கணக்கில் எழுதிவிட்டது. ஒன்பது வருடமும் அந்தக் கணக்கு மாறவில்லை.

உங்கள் வண்டியிலும் கை நின்றுபோன இடம் ஒன்று இருக்கும். அது எது என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் முடிந்த வேலை என்று எதையுமே எடுத்துக்கொள்ளாதீர்கள். யாரோ முன்பின் தெரியாத ஆள் பூட்டிய வண்டி என்று நினைத்துப் பாடியை இறக்குங்கள். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றிப் பார்த்துத் திரும்பப் பூட்டுங்கள். பூட்டி முடித்ததும் வெள்ளை பெயிண்டால் நட்டின் மேல் ஒரு கோடு இழுத்து, அது சேஸிலும் படும்படி விடுங்கள். கோடு இல்லாத நட்டு இன்னும் பார்க்காத நட்டு. நட்டு நகர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். நைலான் வளையம் வைத்த நட்டைக் கழற்றினால் புதியது போடுங்கள். அது ஒரு தடவைக்குத்தான்.

கழற்றுவதைப் பற்றிப் பேசும்போது ஒன்று ஞாபகம் வருகிறது. உங்கள் கிட் போன்றவற்றுக்கெல்லாம் தாத்தா, இங்கிலாந்தில் காலின் சாப்மன் 1957-ல் கொண்டுவந்த லோட்டஸ் செவன். முழு காராக வாங்கினால் அங்கே விற்பனை வரி கட்டவேண்டும், பாகங்களாக வாங்கினால் வேண்டாம். ஆனால் எப்படிப் பூட்டுவது என்ற விளக்கத்தைக் கூடவே கொடுக்கக்கூடாது என்று விதியாம். அதனால் எப்படிக் கழற்றுவது என்று எழுதிக் கொடுத்தார்களாம், வாங்கியவர் அதைக் கடைசியிலிருந்து தலைகீழாகப் படித்துப் பூட்டிக்கொள்வாராம். வண்டிக்காரர்கள் இன்றும் சொல்லும் கதை இது. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஒரு வண்டியைக் கழற்றத் தெரிந்தவனுக்குத்தான் அதைப் பூட்டத் தெரியும் என்பது என் முப்பது வருட வாத்தியார் அனுபவம்.

சரி, சேஸ். குழாய் வெளியே பெயிண்டோடு பளபளவென்று இருக்கும், துரு உள்ளே இருக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல குழாய் கணீரென்று சொல்லும், அரித்த குழாய் தொப்பென்று சொல்லும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூ டிரைவர் முனையை அழுத்துங்கள். தரையை ஒட்டிய குழாய்கள் சேரும் மூலைகள்தான் முதலில் போகும். ஓட்டை விழுந்திருந்தால் மேலே தகடு வைத்து மூடாதீர்கள். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் குழாய் வைக்கவேண்டும். இது பெரும்பாலும் மெல்லிய 16 கேஜ் குழாயாக இருக்கும், ஆர்க் வெல்டிங்கில் பொத்துக்கொண்டு போகும். சிஓ2 வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அடுத்தது பிரேக். இதில் சிக்கனம் வேண்டவே வேண்டாம். பிரேக் ஆயிலுக்குக் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. பன்னிரண்டு வருடம் நின்ற வண்டியில் அந்த ஈரம் பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரையும் சக்கரத்துப் பக்கத்து வீல் சிலிண்டரையும் உள்ளே அரித்து வைத்திருக்கும். வீல் சிலிண்டர் முனையில் உள்ள ரப்பர் உறையை ஒதுக்கிப் பாருங்கள், காபி டிகாஷன் நிறத்தில் கசடு நின்றால் சந்தேகமே வேண்டாம். சிலிண்டரின் உள்சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் புது ரப்பர் போட்டும் பிரயோஜனம் இல்லை, ஒழுகும். சிலிண்டரையே மாற்றுங்கள், கிடைக்காவிட்டால் நல்ல லேத்தில் உள்ளே ஸ்லீவ் (புது உள்குழாய்) போடச் சொல்லுங்கள். ரப்பர் ஹோஸ் மொத்தமும் புதிது, இரும்பு பிரேக் பைப் மொத்தமும் புதிது. பழைய ஹோஸ் உள்ளே உப்பிப்போய், மிதித்த பிரேக்கை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

ஆயில் விஷயத்தில் இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140-க்கு இறங்கிவிடும். ஏற்காட்டு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு மட்டும் 20. இறங்கும்போது பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வந்தால் டிரம் காய்ந்து, ஆயில் கொதித்து, ஆவி கட்டிவிடும். அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அடிவாரத்தில் புகை நாற்றத்தோடு ஓரங்கட்டிய வண்டிகளை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

டயர் கண்ணுக்குப் புதிதாகவே தெரியும், ஏனென்றால் ஓடவே இல்லை. பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், துடைத்துப் படியுங்கள். 2211 என்று இருந்தால் 2011-ம் ஆண்டின் 22-வது வாரம். ரப்பர் நிற்கும்போதும் வயசாகிக்கொண்டேதான் இருக்கும். நாலையும் மாற்றுங்கள்.

இன்ஜினைப் பற்றி நீங்கள் கவலைப்படும் அளவுக்கு எனக்குக் கவலை இல்லை. பழைய பியட் இன்ஜின் பொறுமைசாலி. நாலு பிளக்கையும் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் விட்டு, ஒரு வாரம் அப்படியே விடுங்கள். பிறகு கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு, முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். அசையாவிட்டால் இன்னும் ஒரு வாரம். ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது, ஒட்டிக்கொண்ட பிஸ்டன் ரிங் உடைந்துவிடும். சுற்ற ஆரம்பித்ததும் மேல் மூடியைத் திறந்து, எட்டு வால்வும் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பழைய ஆயிலை மாற்றி, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரில் சுற்றி ஆயில் பிரஷர் வந்த பிறகுதான் பெட்ரோல். டேங்கில் மிச்சம் இருக்கும் பெட்ரோல் பிசினாகியிருக்கும். டேங்க், கார்புரேட்டர் இரண்டையும் கழுவுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ் அதற்குத் தாங்காது. எத்தனாலுக்கென்றே வரும் ஹோஸ் வாங்குங்கள்.

ஃபைபர் பாடியை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். மந்தமாகச் சத்தம் வரும் இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கிறது. விரிசலை உள்பக்கத்திலிருந்து சரிவாகத் தேய்த்து, கண்ணாடி நார் விரிப்பை (மேட்) கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழித்து ஒட்டுங்கள். கிழித்த ஓரம் நார் நாராக இருப்பதால் நன்றாகக் கலந்து பிடிக்கும். சேலத்து வெயிலில் மதியம் ரெசின் (ஒட்டும் பிசின்) கலந்தால் டப்பாவிலேயே இறுகிவிடும், காலை எட்டு மணிக்குள் வேலையை முடியுங்கள். ஒரு எச்சரிக்கை: ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், தீப்பிடித்து வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி, அதற்குப் பிறகுதான் ஹார்டனர். பையனை அந்த நேரத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வயரிங்கில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். தகர பாடியில் பாடியே எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. ஃபைபரில் மின்சாரம் ஓடாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் வயர் இழுத்து சேஸில் கட்டவேண்டும். இதை விட்டுவிட்டு பல்ப் பல்பாக மாற்றிக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

கடைசியாக, ஏற்காடு. இதை எழுத எனக்கே வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் மறைக்கக்கூடாது. வீட்டில் கட்டிய காரைப் பதிவு செய்ய நம் நாட்டில் சுலப வழி இல்லை. புது மாடல் என்றால் மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி, அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் தேறவேண்டும். அது கம்பெனிகளை மனதில் வைத்து எழுதிய விதி. பத்மினியின் ஆர்சி புத்தகம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்த ஆர்சி அந்த பத்மினிக்கு. 1988-ம் ஆண்டுச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. பதிவு இல்லை என்றால் இன்சூரன்ஸும் இல்லை. மலைப்பாதையில் எதிரே வரும் குடும்பத்துக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வீர்கள்?

என் வண்டி கடைசிவரை எஸ்டேட் ரோட்டைத் தாண்டியதில்லை. முதலாளியிடம் அனுமதி கேட்டு, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இரண்டாம் கியரில் ஓட்டுவேன். உங்களுக்கும் தெரிந்தவர் தோட்டம் இருந்தால் கேளுங்கள். கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் தளம் இருக்கிறது, வண்டியை லாரியில் ஏற்றிப் போய் ஓட்ட அனுமதி உண்டா என்று விசாரியுங்கள். மாருதி 800 இன்ஜினை வைத்து நம் பிள்ளைகளுக்கு எட்டும் விலையில் ரேஸ் கார் கட்டிக்கொடுத்த கரிவரதன் பெயரில் உள்ள இடம் அது. கையால் கட்டிய காருக்கு அதைவிடப் பொருத்தமான தரை நம் பக்கத்தில் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: என் அண்ணனும் ஒரு காரைப் பாதியில் விட்டுவிட்டு வெளிநாடு போயிருக்கிறார். ஏற்காட்டில் எங்கள் வீட்டு ஷெட்டில்தான் நிற்கிறது. அடுத்த பொங்கலுக்கு வருகிறேன் என்கிறார். அதுவரை நான் ஏதாவது செய்யலாமா? எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. (ஏற்காடு வாசகி)

பதில்: நிறையச் செய்யலாம் அம்மா. முதலில் தார்ப்பாயை எடுத்துவிடுங்கள். மலையில் பனிமூட்டத்தின் ஈரம் தார்ப்பாய்க்கு அடியில் புகுந்தால் வெளியேறாது. பழைய பருத்திப் புடவை இரண்டைச் சேர்த்துத் தைத்துப் போர்த்துங்கள், தூசியைத் தடுக்கும், காற்றையும் விடும். வெயில் அடிக்கும் நாளில் ஷெட் கதவைத் திறந்து வையுங்கள். மண்தரை என்றால் வண்டிக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்தால் ஈரம் மேலே ஏறாது. பேட்டரி இருந்தால் யாரையாவது வைத்துக் கழற்றி வெளியே வையுங்கள்.

என் வண்டிக்கு நாகலூரில் என் அண்ணி செய்த ஒரு காரியத்தையும் சொல்கிறேன். தரையில் சிதறிக்கிடந்த போல்ட் நட்டையெல்லாம் பொறுக்கி, கழுவின ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, இன்ஜின் ஆயில் ஊற்றி மூடி வைத்திருந்தார். ஒன்பது வருடம் கழித்து ஒன்றில்கூடத் துரு இல்லை. ஆனால் எது எந்த இடத்து போல்ட் என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் ஒவ்வொன்றையும் எடுக்கும் முன் அது கிடந்த இடத்தைப் போனில் படம் எடுத்து, அண்ணனுக்கு அனுப்பிக் கேட்டு, ஒரு சீட்டில் எழுதி பாட்டிலில் ஒட்டுங்கள். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.