போர் முடியட்டும் என்று யார் காத்திருக்கிறார்கள்?

கேள்வி: உக்ரைனில் இன்னும் குண்டு விழுந்துகொண்டிருக்கிறது. அதற்குள் தொண்டு அமைப்புகளிடம் மறுசீரமைப்பு பற்றிக் கருத்துக்கணிப்பு எடுக்கிறார்களே, வேடிக்கையாக இல்லையா? (வாசகர், ஈரோடு)

பதில்: இங்கே உட்கார்ந்து பார்த்தால் வேடிக்கைதான். கார்கிவில் ஜனவரி மாதம் ஏவுகணை விழுந்து ஜன்னல் கண்ணாடி போனால், அன்றைக்கே பலகை அடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்குள் தண்ணீர்க் குழாயே உறைந்து வெடித்துவிடும். அந்த ஆணியை அடிப்பவர் பெரும்பாலும் பக்கத்துத் தெருத் தன்னார்வலர். அவரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

உலக வங்கி, உக்ரைன் அரசு, ஐரோப்பிய ஒன்றியம் சேர்ந்து போட்ட மறுசீரமைப்புச் செலவுக் கணக்கு 2022 செப்டம்பரில் 34,900 கோடி டாலர். பிறகு ஐ.நா.வும் சேர்ந்துகொண்டது. 2025 பிப்ரவரியில் அது 52,400 கோடி டாலர் ஆகிவிட்டது. எத்தனை கூரை, எத்தனை பாலம் என்று அந்தக் கணக்கு சொல்லும். எந்த ஊருக்கு எது முதலில் என்று சொல்லாது.

செர்னிஹிவ் பக்கம் யாஹித்னே என்றொரு சின்ன கிராமம். 2022 மார்ச்சில் ரஷ்யப் படை அந்த ஊர்க்காரர்கள் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைப் பள்ளியின் நிலவறையில் கிட்டத்தட்ட ஒரு மாதம் அடைத்து வைத்தது. காற்றில்லாமல் முதியவர்கள் இறந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் சுவரில் தேதிகளையும் இறந்தவர் பெயர்களையும் எழுதி வைத்தார்கள். 2023-இல் அரசு மாதிரி மறுசீரமைப்புக்கு எடுத்துக்கொண்ட ஆறு ஊர்களில் இதுவும் ஒன்று. சரி, அந்தப் பள்ளிக்கு வெள்ளையடித்துப் பிள்ளைகளை மறுபடி உட்கார வைப்பதா, அப்படியே நினைவிடமாக விடுவதா? பொறியாளரின் படிவத்தில் இதற்குக் கட்டமே கிடையாது.

கேள்வி: சமூகப்பணி படிக்கிறேன். இப்படிப்பட்ட கணிப்பை எப்படி நடத்துவது? (வாசகி, திருச்சி)

பதில்: படிவமும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கியவன் என்பதால் சொல்கிறேன், முதல் தலைவலி யாரிடம் கேட்பது என்ற பட்டியல்தான். உக்ரைனில் கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2001-இல். அதன் பிறகு லட்சக்கணக்கானோர் இடம் மாறிவிட்டார்கள், நாட்டைவிட்டும் போய்விட்டார்கள். அமைப்புகளும் அப்படித்தான். பதிவேட்டில் பெயர் இருக்கும், நடத்தியவர் போர்முனையில் இருப்பார். இணையத்தில் ஒரு சுட்டி அனுப்பினால் யார் நிரப்புவார்கள்? கீவில் அலுவலகம், ஜெனரேட்டர், ஆங்கிலம் தெரிந்த ஊழியர் உள்ளவர்கள். அதே யாஹித்னேயில் 2022 கோடையில் இளைஞர்கள் டெக்னோ இசையைப் போட்டுவிட்டு, ஆடிக்கொண்டே இடிந்த பண்பாட்டு மன்றத்தின் இடிபாடுகளை அள்ளினார்கள். பழைய கிராமத்துக் கூட்டுவேலையின் புது வடிவம். மண்வெட்டியோடு நிற்பவரிடம் உங்கள் சுட்டி போய்ச் சேராது. போன் போட்டுப் பேசுங்கள். அதுவும் கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து.

‘உங்கள் முன்னுரிமை எது? வீடு, மின்சாரம், பள்ளி’ என்று டிக் அடிக்கச் சொல்லாதீர்கள். எல்லாரும் எல்லாவற்றையும் டிக் அடிப்பார்கள். ‘உங்கள் ஊர்த் திட்டத்தை முடிவு செய்த கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிட்டார்களா? நீங்கள் சொன்னதில் எது நடந்தது?’ என்று கேளுங்கள். அப்புறம் பாருங்கள், பேச்சு நிற்காது.

கேள்வி: போர்க்காலத்தில் அரசைக் குறை சொல்லித் துணிந்து பதில் தருவார்களா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: தருவார்கள். அரசுக் கொள்முதலை எல்லாரும் பார்க்கும்படி இணையத்துக்குக் கொண்டுவந்த ‘புரோசோரோ’வை அன்றைய அதிபரை வெளியேற்றிய 2014 ‘மைதான்’ மக்கள் எழுச்சிக்குப் பிறகு தொடங்கி வைத்ததே தன்னார்வலர்கள்தான். 2025 ஜூலை 22-இல் ஊழல் தடுப்பு அமைப்புகளின் சுதந்திரத்தைக் குறைக்கும் சட்டத்தில் ஜெலென்ஸ்கி கையெழுத்திட்டார். ராணுவச் சட்டம் அமலில் இருந்தும் அட்டைப் பலகைகளோடு மக்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். ஜூலை 31-இல் நாடாளுமன்றம் அந்தச் சுதந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தது.

பயம் வேறு இடத்தில் இருக்கிறது. போர்முனையை ஒட்டிய கெர்சோன் நகரில் எந்தக் கிடங்கில் உதவிப்பொருள் இருக்கிறது, யார் நடத்துகிறார்கள் என்பது எதிரிக்கும் பயன்படும் தகவல். அதைப் படிவத்தில் கேட்கவே கேட்காதீர்கள். கணிப்பு முடிந்ததும் முடிவுகளை உக்ரைனிய மொழியிலேயே, பதில் சொன்னவர்களுக்கு முதலில் அனுப்புங்கள். நன்கொடை நாடுகள் அப்புறம் படித்துக்கொள்ளட்டும்.