புகழ்பெற்ற கொலை வழக்குகளின் நினைவுப் பொருட்களை யாராவது சேகரிக்கிறீர்களா?

நான் சேகரிக்கிறேன். ஆனால் கடதாசி மட்டும். கத்தி, கயிறு, இரத்தக்கறை ஒன்றும் வீட்டுப் படியேறாது.

தொடக்கம் அம்மப்பாவின் கொப்பி. 1995 இடப்பெயர்வின்போது அம்மா கொக்குவில் வீட்டிலிருந்து காணி உறுதிகளோடு இதையும் பையில் போட்டுக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தார். ஏன் எடுத்தேன் என்று அவருக்கே தெரியாது.

முன்பக்கங்களில், 1947இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக இலங்கைக் கிரிக்கெட் வீரர் மகாதேவ சதாசிவம் 215 ஓட்டங்கள் குவித்த செய்தி. ஓரத்தில் சிவப்பு மையால் "சபாஷ்!" பத்துப் பக்கம் தள்ளினால் அதே சதாசிவம் எதிரிக் கூண்டில். 1951 ஒக்டோபரில் அவருடைய மனைவி கொழும்பு வீட்டுக் கராஜில் பிணமாகக் கிடந்தார். எதிரிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாட, எடின்பரோவிலிருந்து தடயவியல் மருத்துவ நிபுணர் சேர் சிட்னி ஸ்மித் வந்து சாட்சி சொன்ன வழக்கு அது. விசாரணைச் செய்திகளை அம்மப்பா நாள் தவறாமல் வெட்டி ஒட்டியிருக்கிறார். ஓரத்தில் ஓர் எழுத்துக்கூட இல்லை. வாய் ஓயாத மனிதர் அவர்.

இங்கிலாந்தில் இந்தப் பித்து பழையது. காதலியைக் கொன்றதற்காக 1828இல் தூக்கிலிடப்பட்ட வில்லியம் கோர்டரின் தூக்குக் கயிறு அங்குலம் ஒரு கினிக்கு விலைபோனதாகச் சொல்வார்கள். அவனுடைய வழக்கு விவரத்தை அவனுடைய தோலாலேயே கட்டிய புத்தகம் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் நூதனசாலையில் இருக்கிறது. சும்மா தந்தாலும் எனக்கு வேண்டாம். கடற்படை அதிகாரி நானாவதி தன் மனைவியின் காதலன் அகுஜாவைச் சுட்டுக் கொன்ற பம்பாய் வழக்கின் பொருள் என்றால் யோசிப்பேன். 1959இல் குளித்துவிட்டு நின்ற அகுஜா சுடப்பட்டு விழுந்தபோதும் இடுப்புத் துவாய் அவிழவில்லையே, அப்படியானால் கைகலப்பு நடந்ததா என்பது அங்கே பெரிய வாதம். தெருவில் "அகுஜா துவாய்", "நானாவதி துப்பாக்கி" என்று கூவி விற்றார்களாம்!

நீங்களும் தொடங்குவதாக இருந்தால் மாப்பசையைத் தொடாதீர்கள். கோதுமை மாக் கூழ் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. லாமினேட்டும் வேண்டாம், பிறகு உரிக்க முடியாது.

அம்மப்பா ஒட்டியது மாக் கூழால்தான். 1953 ஜூனில் ஜூரிகள் சதாசிவத்தை விடுவித்த செய்தி இருந்த பக்கத்தைப் பூச்சி தின்றுவிட்டது. தலைப்பில் "சதா" மட்டும் மிச்சம். அதன் ஓரத்தில் சிவப்பு மையால் ஏதோ எழுதியிருக்கிறார். பூதக்கண்ணாடி வைத்தும் வாசிக்க முடியவில்லை.