சூபாபுல் இலைத் தூள்: எடை ஏறாததற்கு என்ன செய்வது?

பிராய்லர் தீவனத்தில் மக்காச்சோளத்தைக் குறைத்து, அந்த இடத்தில் சூபாபுல் என்ற தீவன மரத்தின் இலைத் தூளை 15 சதவீதம் சேர்த்தும் கோழிகளின் எடை ஏறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 15 சதவீதத்தை உடனே 5-க்குக் கீழே கொண்டுவாருங்கள். முதல் மூன்று வாரக் குஞ்சுகளுக்கு அறவே வேண்டாம்.

இலைத் தூளில் புரதம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் நீங்கள் எடுத்துவிட்டது மக்காச்சோளத்தை. அதில் கிலோவுக்கு ஏறத்தாழ 3,300 கிலோ கலோரி எரிசக்தி உண்டு. சூபாபுல் தூளில் அதில் பாதிகூடத் தேறாது. நாரும் அதிகம். பிராய்லரின் குடல் நாரைச் செரிக்கும் குடல் அல்ல, ஆட்டுக்குச் சொன்ன யோசனையைக் கோழிக்குச் சொல்லிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு சூபாபுலில் மைமோசின் என்ற நச்சுப்பொருளும் உண்டு. அது நீரில் கரையும் என்பதால், இலையை ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு உலர்த்தினால் ஓரளவு குறையும்.

ஐயம் தீர ஒரு சோதனை: ஒரே எடையுள்ள பறவைகளை இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள். ஒன்றுக்கு இலை இல்லாத தீவனம், மற்றொன்றுக்கு இப்போதைய கலவை. ஒரு வாரம், தின்ற தீவனத்தையும் பறவைகளின் எடையையும் அளந்து பாருங்கள். தின்பதே குறைந்தால் மைமோசினோ கசப்போ காரணமாக இருக்கலாம். நன்றாகத் தின்றும் எடை ஏறாவிட்டால் பெரும்பாலும் எரிசக்திப் பற்றாக்குறைதான்.

கால்கள் மஞ்சளாவதைப் பற்றிக் கவலை வேண்டாம், அது இலையிலுள்ள நிறமி.

ஆனால் எச்சத்தில் இரத்தம் தெரிந்தாலோ பறவைகள் இறந்தாலோ இலைமேல் பழி போட்டுக் காத்திருக்காதீர்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பூஞ்சை வாடை அடிக்கும் தூளை 1 சதவீதம்கூடச் சேர்க்கக் கூடாது.