'ஸ்தான்' யார் வீட்டுச் சொல்?

கேள்வி: பாகிஸ்தான், உஸ்பெகிஸ்தான், ராஜஸ்தான் ஆகிய பெயர்களில் வரும் 'ஸ்தான்', தமிழின் 'தானம்' என்ற சொல்லிலிருந்து போனது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். மகளின் பள்ளிக் கட்டுரைப் போட்டிக்கு இதை எழுதிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். மதிப்பெண் போய்விடும்.

'ஸ்தான்' பாரசீக விகுதி. இடம், நாடு என்று பொருள். சமஸ்கிருத 'ஸ்தான' அதற்கு உடன்பிறப்பு. இரண்டும் 'நில்' என்று பொருள்படும் ஒரே பழைய வேரிலிருந்து வந்தவை. ஒன்றிடமிருந்து மற்றொன்று கடன் வாங்கவில்லை. ஆங்கில 'ஸ்டாண்டு' தூரத்துப் பங்காளி. ராஜஸ்தானில் இருப்பது சமஸ்கிருத வடிவம், உஸ்பெகிஸ்தானில் இருப்பது பாரசீக வடிவம். இந்தியில் எழுதினால் இரண்டுக்கும் வேறு வேறு 'த' வரும். தமிழில் ஒரே எழுத்து என்பதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நம்முடைய 'தானம்' இடத்தைக் குறிக்கும்போது, 'ஸ்தானம்' தலையை இழந்து வந்த வடிவம். ஆக, வீடியோ சொல்வது தலைகீழ். கொடை என்ற பொருளில் வரும் 'தானம்' வேறு சொல், அதை இதில் இழுக்க வேண்டாம்.

வீடியோக்காரர்களின் முறை எளிது: இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றுபோல் கேட்டால் உறவு என்று முடித்துவிடுவார்கள். யார் எதைச் சொன்னாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: இதன் மிகப் பழைய வடிவம் எது, எங்கே இருக்கிறது?

துருக்கியில் இருக்கும் இஸ்தான்புல் நகரைப் பாருங்கள். நடுவே 'ஸ்தான்' பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அது விகுதியே இல்லை. கிரேக்கர்கள் அந்த ஊருக்குப் போவதை 'இஸ் தின் போலின்', அதாவது 'நகரத்துக்கு' என்று சொல்வார்கள். அந்தத் தொடர்தான் தேய்ந்து இஸ்தான்புல் ஆனது. வெட்ட வேண்டிய இடம் 'புல்'லுக்கு முன்னால். 'ஸ்தான்' என்று நாம் படிப்பது, 'இஸ்' என்ற வேற்றுமைச் சொல்லும் 'தின்' என்ற சுட்டும் ஒட்டிக்கொண்ட துண்டு. வேடிக்கை என்னவென்றால், கடைசியில் இருக்கும் 'புல்'தான் நமக்குத் தெரிந்த ஆள். அது கிரேக்க 'போலிஸ்'. சமஸ்கிருத 'புர'த்துக்கு உறவு என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. காதில் ஒட்டியது வேறு, உறவு வேறு!

சரி, மகள் இப்படி எழுதட்டும்: "பாகிஸ்தான், உஸ்பெகிஸ்தான் ஆகிய பெயர்களில் வரும் ஸ்தான் என்பது இடத்தைக் குறிக்கும் பாரசீக விகுதி, சமஸ்கிருத ஸ்தானத்துக்கு உறவுச் சொல்." அதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம்.

நான் நடுவராகப் போன ஒரு போட்டியில், நடுவர்களுக்குக் கொடுத்த விடைக்குறிப்பிலேயே 'ஸ்தான் உருதுச் சொல்' என்று அச்சடித்திருந்தார்கள். உருது அதைப் பாரசீகத்திலிருந்து எடுத்துக்கொண்டது என்று சொன்னேன். "அச்சாகிவிட்டதே சார்" என்றார்கள். உங்கள் மகளுக்கும் அப்படி ஒரு நடுவர் வாய்த்தால், பாரசீக அகராதியில் அந்தச் சொல் வரும் பக்கத்தை நகல் எடுத்துக் கட்டுரையோடு இணைத்துக் கொடுங்கள்.