இரண்டு விநாடி ஊதியதை வைத்து ஸ்கேனுக்கு ஓடாதீர்கள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. பல வருடம் பீடி பிடித்தவர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. லேபில் ஊதச் சொல்லி எடுத்த ஸ்பைரோமெட்ரி ரிப்போர்ட்டில் 'ரெஸ்ட்ரிக்டிவ்' என்று வந்திருக்கிறது. நுரையீரல் சுருங்கிவிட்டதாம், உடனே சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்துவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் அனுப்பிய தாளில் எஃப்.வி.சி., அதாவது ஊதி வெளியேற்றிய மொத்தக் காற்று, 2.10 லிட்டர். இருக்க வேண்டியதில் 68 சதவீதம். முதல் விநாடியில் மட்டும் வந்தது 1.68 லிட்டர். இதை மொத்தத்தால் வகுத்தால் வரும் விகிதம் 0.80. மொத்தம் குறைவு, விகிதம் சரி என்பதை வைத்து 'ரெஸ்ட்ரிக்டிவ்' என்று அச்சடித்தது மெஷினில் இருக்கும் சாஃப்ட்வேர், டாக்டர் எழுதியதல்ல. அதே தாளின் ஓரத்தில் ஊதிய நேரம் 2.3 விநாடி என்று இருக்கிறது. அதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

காற்று உள்ளே மிச்சம் இருக்கும்போதே அப்பா நிறுத்தியிருக்கக்கூடும். கடைசி வரை ஊதி 2.70 லிட்டர் வந்திருந்தால்? முதல் விநாடிக் கணக்கு அதே 1.68தான், விகிதம் 0.62க்கு இறங்கிவிடும். இன்ஹேலர் கொடுத்த பிறகும் 0.70க்குக் கீழே என்றால் அது காற்றுக்குழாயில் அடைப்பு. பீடிக்காரர்களுக்கு வரும் சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட அடைப்பு நோயாக இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சீக்கிரம் முடிந்த ஊதல் எல்லாமே தப்பு இல்லை. நுரையீரல் உண்மையிலேயே விறைத்துப்போனவர்களுக்கு இரண்டு மூன்று விநாடியிலேயே காற்று தீர்ந்துவிடும். வித்தியாசத்தை வரைபடம் காட்டிக்கொடுக்கும். நேரத்துக்கு எதிராகக் காற்றின் அளவு போட்ட கோட்டைப் பாருங்கள். மேலே ஏறி, கடைசி ஒரு விநாடியாவது ஏறாமல் மட்டமாகப் படுத்திருந்தால் காற்று தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், 2.3 விநாடியானாலும் செல்லும். ஏறிக்கொண்டே இருக்கும்போது வெட்டிவிட்டாற்போல் நின்றால் செல்லாது. வரைபடமே இல்லாமல் வெறும் எண்களை மட்டும் கொடுத்தால் அந்த ரிப்போர்ட்டை வாங்காதீர்கள்.

திரும்ப எடுங்கள். உயரத்தை வாயால் கேட்டு எழுத விடாதீர்கள், செருப்பைக் கழற்றி அளக்கச் சொல்லுங்கள். 'இருக்க வேண்டிய அளவு' என்பதே உயரத்தை வைத்துப் போடும் கணக்கு. உட்கார்ந்து, மூக்குக்கு க்ளிப் போட்டு, முடிந்தவரை இழுத்து, தயங்காமல் வெடித்து ஊத வேண்டும். கோடு படுக்கும் வரை, இல்லையென்றால் 15 விநாடி வரை, பக்கத்தில் ஒருவர் 'இன்னும், இன்னும்' என்று விரட்ட வேண்டும். உருப்படியான ஊதல் மூன்று வேண்டும். அவற்றில் மேலான இரண்டுக்கும் நடுவே 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் கூடாது. பிறகு காற்றுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் இன்ஹேலரை ஸ்பேசர் என்ற குழல் வழியாக நான்கு பஃப், கால் மணி நேரம் காத்திருந்து மறுபடி ஊதல். பல இடங்களில் இந்தக் காத்திருப்பு ஐந்து நிமிடமாகக் குறைகிறது, பில் மட்டும் குறைவதில்லை. மூன்று லிட்டர் சிரிஞ்சை வைத்து மெஷினை அன்றன்று சரிபார்த்தார்களா என்றும் கேளுங்கள். இ.சி.ஜி. எடுப்பவரையே இதற்கும் நிறுத்தினால் அந்தச் சிரிஞ்ச் பீரோவில்தான் தூங்கும். அண்மையில் மாரடைப்போ, கண், வயிறு, நெஞ்சு ஆபரேஷனோ நடந்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஊதக் கூடாது.

ஸ்கேனுக்கு அனுப்பினால் கமிஷன் வரும். திரும்ப ஊதச் சொன்னால் யாருக்கும் எதுவும் வராது. இலவச முகாமில் ஊத வைத்து அங்கேயே இன்ஹேலரை விற்பதும் இதே ரகம்தான்.

சரியாக ஊதியும் எஃப்.வி.சி. குறைவாகவே இருந்தால்கூட சுருக்கம் என்று ஸ்பைரோமெட்ரி முடிவு சொல்ல முடியாது. ஊதி முடித்த பிறகும் உள்ளே தங்கும் காற்றை இந்தச் சோதனையால் அளக்க முடியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து எடுக்கும் பாடி ப்ளெதிஸ்மோகிராபியோ ஹீலியம் வாயுவை இழுக்கவைத்து அளக்கும் முறையோ வேண்டும். சி.டி. தேவையா என்பதை நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்ட நுரையீரல் மருத்துவர் சொல்லட்டும்.

அப்பாவால் பலமாக ஊதவே முடியவில்லை என்றால் ஆஸிலோமெட்ரி இருக்கிறது. கன்னங்களைக் கையால் அழுத்திக்கொண்டு அரை நிமிடம் சாதாரணமாக மூச்சு விட்டால் போதும். காற்றுக்குழாயின் தடையையும் நுரையீரலின் விறைப்பையும் அது காட்டும். கொள்ளளவைச் சொல்லாது, அதனால் 'ரெஸ்ட்ரிக்டிவ்' சந்தேகத்தை அதை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது.