கடும் சூரியப் புயல் வந்தால் அன்றாட வாழ்க்கை என்ன ஆகும்? வீட்டில் என்ன ஆயத்தம் செய்யலாம்?

கைப்பேசியையும் மடிக்கணினியையும் அலுமினியத் தாளில் சுற்றி வைக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை. சூரியப் புயல் பிடிப்பது நெடுந்தொலைவு ஓடும் கம்பிகளைத்தான். சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பும் மின்னூட்டத் துகள்களின் திரள் பூமியின் காந்தப்புலத்தை உலுக்கும்போது நிலத்தில் மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. அதனால் எழும் மின்னோட்டம், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் உயரழுத்தத் தடங்கள் வழியே, மாறுதிசை மின்னோட்டத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட மின்மாற்றிகளுக்குள் ஏறக்குறைய ஒரே திசையில் பாய்ந்து அவற்றைச் சூடாக்குகிறது. வீட்டு வயரிங்கின் நீளம் இதற்குப் போதாது. 1859 செப்டம்பரில் வந்த பெரும்புயலில் அடி வாங்கியது தந்திக் கம்பிகள்தாம் என்பதற்கும் இதுவே காரணம். அக்காலத்தில் வேறு நீளமான கம்பிகளே இல்லை.

மின்கட்டமைப்பு வந்த பிறகு என்ன நடக்கும் என்பதற்கு 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்ததைப் பார்க்கலாம். அதிகாலை மூன்று மணியை நெருங்கும் நேரத்தில், ஏறத்தாழ 90 நொடிகளுக்குள் அம்மாகாணத்தின் மின்தொகுப்பு முழுவதும் சரிந்தது. சுமார் 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருந்தார்கள். அங்கே நிலத்தடியில் இருப்பது மின்சாரத்தை எளிதில் கடத்தாத பழம்பாறை என்பதால், நிலத்துக்குள் பரவ முடியாத மின்னோட்டம் கம்பிகளை நாடிற்று. துருவத்துக்கு அருகில் இருப்பதும் சேர்ந்துகொண்டது.

தமிழ்நாடு, பூமியின் இரு காந்தத் துருவங்களுக்கும் நடுவே ஓடும் காந்த நடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் கியூபெக் அளவுக்கு இங்கே நடக்கும் வாய்ப்பு குறைவு என்றே நான் கருதுகிறேன். ஆனால் ஜிபிஎஸ் விஷயத்தில் நம் நிலை அவ்வளவு சாதகமாக இல்லை. ஜிபிஎஸ் சமிக்ஞைகள் கடந்து வர வேண்டிய, வளிமண்டலத்தின் மின்னேற்ற அடுக்கு இந்தப் பகுதியில் இயல்பாகவே கொந்தளிப்பானது (திருநெல்வேலியில் இதற்கென ஓர் ஆய்வுக்கூடமே இருக்கிறது). 2024 மே மாதப் புயலின்போது அமெரிக்காவில் ஜிபிஎஸ் துல்லியத்தை நம்பி விதைத்துக்கொண்டிருந்த டிராக்டர்கள் விதைப்புப் பருவத்தின் நடுவே நிறுத்தப்பட்டன.

அவகாசம் எவ்வளவு கிடைக்கும்? வெடிப்பின் ஒளி எட்டு நிமிடத்தில் வந்து சிற்றலை வானொலியைக் குலைக்கும். துகள் திரள் வந்து சேர ஏறத்தாழ 17 மணி நேரம் முதல் மூன்று நாள் வரை ஆகும். சங்கடம் என்னவென்றால், அத்திரளின் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் பாதிப்பு கடுமையாகும். அந்தத் திசையோ, இந்தியாவின் ஆதித்யா எல்1 போல பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் விண்கலங்களை அத்திரள் கடக்கும்போதுதான் உறுதியாகத் தெரியும். அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே மிஞ்சும். ஆகவே முதல் எச்சரிக்கையிலேயே மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, பவர் பேங்குகளையும் இன்வெர்ட்டரையும் முழுதாகச் சார்ஜ் செய்துவிட வேண்டும்.

கஜா புயலுக்குப் பின் டெல்டா மாவட்டங்களில் மின்சாரமின்றி இருந்தவர்களுக்கு மற்றவற்றை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலில் தட்டுப்பாடாவது தண்ணீர். மோட்டார் ஓடாவிட்டால் ஆழ்துளைக் கிணறு இருந்தும் பயனில்லை என்பதால், அருகில் அடிபம்பு எங்கே வேலை செய்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள். அடுத்தது பணம். யூபிஐயும் ஏடிஎம்மும் நின்றுவிடும், பெட்ரோல் பங்க்கும் மின்சாரத்தில்தான் இயங்குகிறது. ஒரு வாரச் செலவுக்குச் சில்லறை நோட்டுகள் வீட்டில் இருக்கட்டும். தினசரி மருந்து சாப்பிடுகிறவர்கள் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது. இன்சுலின் போடுகிறவர்கள் குளிர்பதனப் பெட்டி இல்லாதபோது மண்பானை முறையில் எப்படிக் காப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசிக் கோபுரங்களின் பேட்டரி நீண்ட நேரம் தாங்காது. பேட்டரியில் ஓடும் சிறு வானொலிப் பெட்டியும், முக்கியமான எண்களை எழுதிய ஒரு தாளும் அப்போது உதவும்.

மின்சாரம் போனதும் ஃப்ரிட்ஜ், மோட்டார், ஏசி ஆகியவற்றை அணைத்துவிடுங்கள். தொகுப்பைத் திரும்ப உயிர்ப்பிக்கும்போது மின்னழுத்தம் சிறிது நேரம் ஏறி இறங்கும். ஒரு விளக்கு மட்டும் போட்டுப் பார்த்து, அது சீராக எரிந்த பிறகு மற்றவற்றைப் போடலாம்.