வில்லையில் ஒட்டிய சீனி கரையுமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, 14 வருடங்களாக நீரிழிவு. பரந்தனில் வயல் செய்கிறார். வெயிலில் கண் கூசுகிறது, எதிரே வரும் சைக்கிள்கூட மங்கலாகத்தான் தெரிகிறதாம். கண் வில்லையில் சீனி ஒட்டிப் புரை வந்திருப்பதாகக் கிளினிக்கில் சொன்னார்கள். சீனியைக் கட்டுப்படுத்தினால் கரைந்துவிடுமா? தேநீருக்கு இப்போது பனங்கட்டிதான் கடிக்கிறார்.

பதில்: கரையாது, மகளே. கரைக்கும் என்று நம்பிச் சொட்டு மருந்துகளுக்குக் காசைக் கொடுத்துவிட்டுப் பார்வை போனபின் வருகிறவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

பாணை எடுத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளை, மேல்தோல் மட்டும் பழுப்பு. போறணைச் சூட்டில் மாவிலுள்ள சர்க்கரையும் புரதமும் பிணைந்ததால் வந்த நிறம் அது. பிரெஞ்சு வேதியியலாளர் மயார்ட் 1912இல் விவரித்த தாக்கம். இதே தாக்கம் நம் உடம்பிலும் நடக்கிறது. உடம்பின் சூடு 37 பாகைதான் என்பதால், போறணையில் நிமிடங்களில் நடப்பது இங்கே வருடக்கணக்கில் நடக்கிறது. இரத்தத்தில் சீனி கூடக்கூட வேகமும் கூடும்.

செங்குருதிக் கலங்களிலும் சீனி ஒட்டும். ஆனால் அவை ஏறத்தாழ 120 நாட்களில் அழிந்து புதியவை வரும்; எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை கடந்த மூன்று மாதச் சீனி நிலவரத்தைக் காட்டுவது அதனால்தான். வில்லையின் நடுவிலுள்ள கிரிஸ்டலின் புரதங்களோ அப்பா தாய் வயிற்றில் இருந்தபோது உருவானவை. அவை மாற்றப்படுவதே இல்லை. ஒட்டிய சீனி காலப்போக்கில் அவற்றை ஒன்றோடொன்று கட்டிவிடுகிறது. திரண்ட புரதம் ஒளியைச் சிதறடிக்கிறது, வில்லையும் மஞ்சளாகிப் பழுப்பாகிறது. வயதுக்கும் வயல்வெயிலுக்கும் இதில் பங்குண்டு.

பனங்கட்டியில் பெரும்பங்கு சீனியிலுள்ள அதே சுக்குரோசுதான். கடித்துக் குடித்தாலும் இரத்தத்தில் குளுக்கோசு ஏறும். அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

கட்டுப்பாடு இனி ஒட்டப்போவதைக் குறைக்கும், விழித்திரையையும் காக்கும். சீனி ஏறி இறங்கும் நாட்களில் வில்லை நீர் கோத்து வீங்கிப் பார்வை மாறும். அப்போது கண்ணாடிக்கு அளவெடுக்க வேண்டாம்.

மங்கிய வில்லையை எடுத்துச் செயற்கை வில்லை வைப்பதே புரைக்கு வழி. அதற்குமுன் சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். அது பழுதாகியிருந்தால் வில்லையை மாற்றியும் பார்வை முழுதாகத் திரும்பாது. அந்தச் சோதனைக்கு இந்த மாதமே கூட்டிச் செல்லுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் சூடடிப்புத் தூசியும் வாய்க்கால் தண்ணீரும் கண்ணில் படக்கூடாது. ஆகவே திகதி கேட்கும்போது அறுவடை எப்போது என்பதையும் கண் வைத்தியரிடம் சொல்லுங்கள்.